பீர் கம்பெனி ஆபீஸில் மது மறுப்போர் சங்கம்

வாங்க சார், வாங்க வாங்க. பழைய கட்டடங்களைப் பத்திப் புஸ்தகம் எழுதறவர் வர்றாருன்னு எங்க பொருளாளர் போஜா கவுடர் போன்ல சொன்னதுலேர்ந்து எனக்கு இருப்பே கொள்ளலை. காலையில காப்பியில உப்பைப் போட்டுட்டேன் சார். எங்க வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே குடிச்சுட்டாரு. இப்பல்லாம் அவருக்கு எல்லாத்துலயும் சந்தோஷம்தான். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். நான்தான் சுகிர்தமேரி, மது மறுப்போர் சங்கத்துச் செயலாளர். பேரை முழுசா எழுதிக்குங்க, சுகிர்தத்தை விட்டுடாதீங்க.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. ஏங்க, சாருக்கு இஞ்சி ஜூஸ் கொண்டாங்க! கீழ நிலவறையில இருக்காரு சார், மெதுவா வருவாரு. பெரிய பீப்பாய்க்கு சாக்கு சுத்திட்டு இருக்காரு.

கேளுங்க, என்ன வேணும்? கட்டடத்தோட சரித்திரம்தானே? இது பீர் கம்பெனி ஆபீஸ். அதை நான் மறைக்கவே மாட்டேன். எங்க தலைவர் ஸ்டெல்லாபாய் டீச்சர், "சோடா கம்பெனின்னு சொல்லிட்டுப் போயேன் மேரி, யாரு வந்து பாக்கப் போறா"ம்பாங்க. நான் எதுக்கு சார் பொய் சொல்லணும்? சாத்தானோட ஆபீஸைப் பிடிச்சு, அதுலயே நாற்காலி போட்டு உக்காந்து, மதுவை ஒழிக்கறோம். இதை விடப் பெருமை என்ன இருக்கு?

பர்ட்டன் துரைன்னு ஒரு வெள்ளைக்காரன் கட்டினது. மலை மேல பட்டாளத்துக்காரங்க இருந்தாங்கள்ல, அவங்களுக்குக் கீழேர்ந்து பீப்பாய் பீப்பாயா பீர் மாட்டுவண்டியில ஏறுமாம். ஏறி வந்து பாத்தா பாதிதான் இருக்குமாம். வண்டிக்காரன் குடிச்சானா, மாடு குடிச்சுதா, யாரு கண்டா? அடப் போங்கய்யா, இங்கயே காச்சிடறேன்னு துரை ஆரம்பிச்சுட்டாரு. இப்ப பஸ் ஸ்டாண்டு இருக்குல்ல, அது பூராவும் ஃபேக்டரி. எதிர்ச் சரிவு எல்லாம் பார்லி. இது மட்டும் ஆபீஸ். கீழ கணக்குப்பிள்ளைங்க, மேல துரை. துரை ரூமுக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கே, அது ருசி பாக்கற ரூம். ருசி பாக்கறதுக்குன்னே ஆள் வெச்சு சம்பளம் குடுத்திருக்காங்க சார்! மாடிப்படியில ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டிருக்கானே, ஏன்னு நினைக்கறீங்க? ஏறும்போது ஒண்ணு போதும். இறங்கும்போதுதான் ரெண்டு தேவைப்பட்டிருக்கு.

சிரிக்கறீங்க. சிரிங்க சிரிங்க. இந்தக் கட்டடத்துக்கு வந்தா எல்லாரும் சிரிச்சுட்டுத்தான் போவாங்க. அது இந்த இடத்தோட ராசி.

சுதந்திரம் வந்துச்சு, மதுவிலக்கு வந்துச்சு, கம்பெனியை மூடிட்டாங்க. ஃபேக்டரியை இடிச்சாங்க. ஆபீஸ் கல்லுக் கட்டடமாச்சே, இடிக்கற கூலி அதிகம்னு விட்டுட்டாங்க. அப்புறம் கொஞ்ச நாள் ரேஷன் கிடங்கு. நிலவறையில கோதுமை மூட்டையா அடுக்கி வெச்சிருந்தாங்க. அந்தக் காலத்துல இங்க இருந்த எலிங்க நேரா ஓடாதாம், கோணலாத்தான் ஓடுமாம். பழைய ஆளுங்க சொல்லுவாங்க. நான் நம்பலை. அப்புறம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அப்புறம் எலக்‌ஷன் பெட்டி வெச்சுப் பூட்டி வெச்சாங்க. கடைசியா நகராட்சி எங்க சங்கத்துக்கு வாடகைக்குக் குடுத்துச்சு.

வாசல் வளைவுல பாத்தீங்களா, கல்லுல ஒரு பெரிய கோப்பை, நுரை பொங்கி வழியற மாதிரி செதுக்கியிருக்கும்? நாங்க வந்த அன்னைக்கே அதுக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சு, கீழ "பால் பருகுவீர்"னு எழுதிட்டோம். ஸ்டெல்லாபாய் டீச்சரோட யோசனை. பால்காரர் ஒருத்தர் வந்து, "இவ்வளவு நுரை வர்ற பாலை நான் பாத்ததே இல்லையே டீச்சர்"னு கேட்டாரு. அந்த ஆளோட பாலை அன்னைக்கே நிறுத்திட்டாங்க டீச்சர்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் மழைக்காலத்துல இந்தக் கட்டடமே எங்க கையை விட்டுப் போகப் பாத்துச்சு சார். கோயமுத்தூர்லேர்ந்து ஒரு ஓட்டல்காரர், கோவர்த்தனன்னு பேரு. பழைய பீர் கம்பெனி ஆபீஸ், அதுலயே பார் வெச்சா டூரிஸ்ட் அள்ளிக்கிட்டு வருவான்னு கணக்குப் போட்டு நகராட்சியில கேட்டுட்டாரு. கமிஷனர் எங்களைக் கூப்பிட்டாரு. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்லை. கல்யாண போட்டோவுலயும் சிரிக்கலைன்னு அவரு ஆபீஸ் பியூனே சொல்லுவாரு. "உங்க சங்கத்துக்கு யாரும்மா வர்றாங்க? நீங்க, டீச்சர், போஜா கவுடர். மூணு பேருக்கு ஒரு மாளிகையா? ஆண்டு விழாவுக்கு நானே வர்றேன். கூட்டம் இருந்தா வாடகையைப் புதுப்பிக்கறேன். இல்லேன்னா சாவியைக் குடுத்துடுங்க"ன்னாரு.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஏன்னு சொல்லிடறேன் சார், எல்லாரும் அறிஞ்சதுதான். எங்க வீட்டுக்காரர் தவசீலன் குடிப்பாரு. தேயிலை ஃபேக்டரியில பாய்லர் மெக்கானிக். சனிக்கிழமை சம்பளத்தோட மதுக்கடைக்குப் போனா, திங்கக்கிழமைதான் மனுஷனா எழுந்திருப்பாரு. அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. என்கிட்ட பேசவே மாட்டாரு சார், சுவரைப் பாத்து உக்காந்திருப்பாரு. நான் ஒருத்தி அந்த வீட்ல இருக்கேன்னே அவருக்குத் தெரியாது. அதைத் தாங்க முடியாமத்தான் நான் இந்தச் சங்கத்துல சேந்தேன். ஊரைத் திருத்தறோமோ இல்லையோ, சாயங்காலம் வந்து உக்கார ஒரு இடம் இருந்துச்சு. அதையும் பிடுங்கி பார் வெப்பேன்னா? அந்த பாருக்கு முதல் ஆளா எங்க வீட்டுக்காரரே போவாரு. நான் எங்க சார் போய் உக்காருவேன்?

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லி அழுதேன். அவரு சுவரைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் திடீர்னு என் பக்கம் திரும்பி, "விழாவுக்கு என்ன குடுப்பீங்க குடிக்க?"ன்னு கேட்டாரு. பல மாசத்துக்கு அப்புறம் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி சார் அது!

எங்க சங்கத்துல ஒரு வழக்கம் இருக்கு. உறுதிமொழி எடுக்கறவங்க வலது கையைத் தூக்கிச் சொல்லி முடிச்சதும், ஒரு டம்ளர் இனிப்பு ஜூஸை ஒரே மூச்சுல குடிக்கணும். டம்ளர் இல்லாம உறுதிமொழி இல்லை, உறுதிமொழி இல்லாம டம்ளர் இல்லை. சங்கத்தை ஆரம்பிச்ச பெரியவர் வெச்ச விதி. எப்பவும் கடையில விக்கிற ஜிஞ்சர் எசன்ஸைத் தண்ணியில கலக்கிக் குடுத்துடுவோம். அதான் ஒருத்தனும் வர்றதில்லைன்னாரு எங்க வீட்டுக்காரர். "நல்ல இஞ்சியை இடிச்சு நீயே போடு மேரி. நான் உதவி பண்றேன்"னாரு.

உதவின்னா உதவி, அப்படி ஒரு உதவி! இஞ்சி, எலுமிச்சை, வெல்லம், உலர்ந்த திராட்சை எல்லாம் நான் வாங்கினேன். சத்துக்கு ரெண்டு கைப்பிடி கோதுமையும் போடச் சொன்னாரு. பிளாஸ்டிக் டிரம்ல ஊத்தப் போனேன், "சேச்சே, நாத்தம் அடிக்கும்"னு சொல்லி, நிலவறையில துரை காலத்துலேர்ந்து கிடந்த மரப் பீப்பாயை உருட்டிக்கிட்டு வந்தாரு. நல்லாத் தேச்சுக் கழுவணும்னேன். "அதிகமாத் தேய்க்காதே, மரத்தோட வாசம் போயிடும்"னாரு. வாயை இறுக்கி மூடப் போனேன், "துணி கட்டு போதும், காத்து போக வழி வேணும்"னாரு. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். "பாய்லர்ல எல்லாம் இப்படித்தான்"னாரு. படிச்ச மனுஷன் சார், வெளியில காட்டிக்க மாட்டாரு.

விழா நாள் நெருங்குச்சு. அந்த நேரம் பாத்து ரோட்ல மண்சரிவு! கீழேர்ந்து ஒரு வண்டி வரலை. விழாவைத் தள்ளி வெச்சுட்டாங்க. தள்ளித் தள்ளி வெச்சுக்கிட்டே போறாங்க. ஐயோ ஜூஸ் கெட்டுடுமேன்னு நான் துடிக்கறேன், எங்க வீட்டுக்காரர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி! "கெடாது மேரி. இருக்க இருக்கத்தான் நல்லது. தினம் கொஞ்சம் வெல்லம் மட்டும் போடு." நானும் போட்டேன். கைக்குழந்தைக்குப் பால் ஊத்தற மாதிரி போட்டேன். காதை வெச்சுக் கேட்டா உள்ள முணுமுணுன்னு சத்தம் வரும் சார். இஞ்சிக்கு அவ்வளவு உயிர் இருக்கு! அவரும் பக்கத்துல வந்து காதை வெப்பாரு. ரெண்டு பேரும் பீப்பாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காதை வெச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம். கல்யாணமான புதுசுல கூட அவரு என்னை அப்படிப் பாத்ததில்லை. சிரிக்காதீங்க சார்.

இதோ வந்துட்டாரு. சாருக்கு அந்தப் பக்கம் வைங்க. எனக்கும் ஒரு டம்ளர். பேசிப் பேசித் தொண்டை காயுது. சார், நீங்க இன்னும் குடிக்காதீங்க, விதி இருக்குல்ல. நான் காலையிலயே உறுதிமொழி எடுத்துட்டேன். ம்… ஆஹா. இஞ்சிக் காரம் நேரா காதுக்கு ஏறும் பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், விழா. ரோடு சரியாச்சு, விழாவும் வந்துச்சு. சாயங்காலம் எண்ணிப் பத்துப் பேர் இருந்தா அதிகம். கமிஷனர் முன் வரிசையில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. கோவர்த்தனன் கடைசி வரிசையில உக்காந்து சுவரை அளந்துக்கிட்டிருக்காரு, பார் கவுண்டர் எங்க போடலாம்னு. ஸ்டெல்லாபாய் டீச்சர் மதுவால வர்ற தீமைகளைப் பத்திப் பேசினாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க. அப்புறம் உறுதிமொழி. "நான் மதுவைத் தொட மாட்டேன். தொடுபவரைத் திருத்தாமல் விட மாட்டேன். தெளிந்த தலையோடு வீட்டுக்கும் நாட்டுக்கும் உழைப்பேன்." மரியாதைக்குக் கமிஷனரும் எழுந்து சொன்னாரு. எங்க வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் ஊத்தினாரு. டம்ளரைச் சாச்சுப் பிடிச்சு, நுரை வழியாம, மெதுவா ஊத்தினாரு சார். அந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்?

கமிஷனர் ஒரே மூச்சுல குடிச்சாரு. டம்ளருக்குள்ள எட்டிப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரரைப் பாத்தாரு. அவரு தரையைப் பாத்தாரு. கமிஷனர் என்கிட்ட வந்து ரொம்ப மெதுவா, "அம்மா, நான் உறுதிமொழியில ஒரு வரியை விட்டுட்டேன்னு நினைக்கறேன். மறுபடி எடுக்கலாமா?"ன்னு கேட்டாரு. அரசாங்கத்து ஆளுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்க! மறுபடி எடுத்தாரு. உடனே போஜா கவுடருக்கும் அவரு சொன்னது சரியான்னு சந்தேகம் வந்துடுச்சு. டீச்சருக்கும் சந்தேகம். எல்லாரும் வரிசையில நின்னுட்டாங்க.

அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்லுவேன்! விஷயம் எப்படித்தான் வெளியில போச்சோ, டாக்ஸி ஸ்டாண்டு டிரைவருங்க வந்தாங்க, தேயிலை பறிச்சுட்டுப் போற பொம்பளைங்க வந்தாங்க, பஸ்ஸை ஓரங்கட்டிட்டு டிரைவர் கண்டக்டரோட இறங்கி வந்தாரு. "நாங்களும் மதுவை விடறோம்"னு வாசல்ல தள்ளுமுள்ளு. சில பேரு நாலு தடவை விட்டாங்க சார்! "தெளிந்த தலையோடு"ங்கற இடம் வந்தா மட்டும் எல்லாருக்கும் நாக்கு சுத்துச்சு. "தெலிந்த தளையோடு"ங்கறான் ஒருத்தன், "தலிந்த தெளையோடு"ங்கறான் இன்னொருத்தன். கஷ்டமான தமிழ்தான், டீச்சர் எழுதினது. அவங்களுக்கே வரலை. வாழ்நாள் பூரா குடையைத் தட்டிப் பாடம் நடத்தின அம்மா, அந்தக் குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, ஆடி மாசத்துல கிறிஸ்மஸ் பாட்டுப் பாடினாங்க. போஜா கவுடர் அவங்க படுகர் ஆட்டத்தை ஆரம்பிச்சாரு. ஒருத்தர் கையை ஒருத்தர் வீசி வட்டமா ஆடுவாங்களே, அது. ஹால் பத்தலை, வட்டம் வாசல் வழியா ரோட்டுக்குப் போய்த் திரும்பி ஜன்னல் பக்கமா வந்துச்சு. நடுவுல கமிஷனர்! சிரிக்கறாரு சார்! பல்லெல்லாம் தெரியுது! அவரு பியூன் அதைப் பாத்து அழுதுட்டாரு.

கோவர்த்தனன்? அவரும்தான். முதல்ல முறைச்சாரு, அப்புறம் ஒரு தடவை எடுத்தாரு, அப்புறம் வரிசையை விட்டு நகரவே இல்லை. கடைசியில கமிஷனரைக் கட்டிப் பிடிச்சு, "இப்படி ஒரு சங்கம் இருக்கற இடத்துல நான் பார் வெச்சா வியாபாரம் ஆகுமா? என்னை மன்னிச்சுடுங்க"ன்னு தேம்பித் தேம்பி அழுதாரு. பாவி மனசு அங்கயே கரைஞ்சுடுச்சு பாருங்க. கமிஷனர் மைக்கைப் பிடிச்சு, "இந்தக் கட்டடம் சங்கத்துக்குத்தான்! எப்பவும்! நான் இருக்கற வரைக்கும்!"னு சொல்லி, மைக்குக்கே ஒரு முத்தம் குடுத்தாரு. மறுநாள் நிதானமா ஆபீஸ்ல கேட்டப்பவும் மாத்திப் பேசலை. தலையை மட்டும் ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு, "சத்தம் போடாதீங்கம்மா, புதுப்பிச்சுட்டேன்"னாரு. அன்னைக்கு ஊர்ல பாதிப் பேருக்குத் தலைவலி. சந்தோஷத்துக்குப் பழக்கமில்லாத ஜனங்க.

கட்டடம் கிடைச்சது பெரிசு இல்லை சார். அன்னைக்குக் கூட்டம் கலையறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் மேடைக்கு வந்தாரு. அதுவரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்கலை, எல்லாருக்கும் ஊத்திக்கிட்டே இருந்தாரு. என் எதிர்ல நின்னு வலது கையைத் தூக்கினாரு. உறுதிமொழியை ஒரு எழுத்துப் பிசகாம சொன்னாரு. சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு ஒரு டம்ளர் குடிச்சாரு. குடிச்சுட்டு என்னைப் பாத்து, "இதுக்கு மேல எனக்கு வேற எதுவும் வேண்டாம் மேரி"ன்னாரு. நான் அவரு தோள்ல சாஞ்சு அழுதேன், அத்தனை பேரு முன்னாடி. வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா அழுதேன்.

அன்னைக்கிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அவரு அந்தக் கடைப் பக்கம் போனதில்லை சார். சத்தியமா! தினம் காலையில ஒரு உறுதிமொழி, சாயங்காலம் ஒரு உறுதிமொழி, ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு. சங்கத்துல இப்ப முந்நூறு உறுப்பினர். கடை சூப்பர்வைசரே வியாபாரம் படுத்துடுச்சுன்னு சனிக்கிழமை இங்க வந்து கைதூக்கிட்டுப் போறாரு. அதெல்லாம் ஊருக்கு. எனக்கு என்ன கிடைச்சுதுன்னா, சாயங்காலம் என் வீட்டுக்காரர் பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டுக்கு வர்றாரு. சுவரைப் பாக்காம என்னைப் பாத்துப் பேசறாரு. நேத்து ரசம் நல்லாயிருக்குன்னாரு. நான் சந்தோஷமா இருக்கேன் சார். இந்த வயசுல இவ்வளவு சந்தோஷம் வரும்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

அடடா, நீங்க குடிச்சுட்டீங்களா? உறுதிமொழி எடுக்காமயே? சரி விடுங்க, முதல் தடவை. எப்படி இருக்கு? ஏன் சார் டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறீங்க? ஏங்க, நீங்க ஏன் சாருக்குப் பின்னாடி நின்னு கையை ஆட்டறீங்க? கொசுவா?

என்ன சார்? சத்தமா சொல்லுங்க. இதுவா? இது பீர் மாதிரியே இருக்கா?

பீர் எப்படி இருக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் ஜென்மத்துல தொட்டதில்லையே. எங்க டீச்சர் தொட்டதில்லை, போஜா கவுடர் தொட்டதில்லை. இத்தனை பேரு குடிச்சாங்க, ஒருத்தர் வாயிலேர்ந்து இப்படி ஒரு வார்த்தை வரலை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது? ஐயோ, படிச்ச மனுஷன், புஸ்தகம் எழுதறவர், இப்படியா? வீட்ல அம்மாவுக்குத் தெரியுமா?

தலை குனியாதீங்க சார். வெக்கப்பட இதுல ஒண்ணும் இல்லை, உங்களை விட மோசமான ஆளுங்களை எல்லாம் இந்தக் கட்டடம் திருத்தியிருக்கு. எழுந்திருங்க. பேனாவைக் கீழ வைங்க, வலது கையைத் தூக்குங்க. ஏங்க, அந்தச் சின்ன டம்ளர் இவருக்குப் பத்தாது. பெரிசு எடுத்துக்கிட்டு வாங்க.